செப்டம்பரில் காரோடு ஹெப்ரிடீஸ்: ஃபெர்ரிக்கு முன்பதிவு வேண்டுமா, வேண்டாமா?

ஜூலை 4, கேள்வி

ஆகஸ்ட் கடைசியில் கிளம்பி ஏழு நாள் ஸ்காட்லாந்தின் மேற்குத் தீவுகள், அதாவது வெளி ஹெப்ரிடீஸ். நானும் மனைவியும், கூட அம்மா. கிளாஸ்கோவிலிருந்து சொந்தக் கார். தெற்கே பாராவில் தொடங்கி வடக்கே லூயிஸ் வரை மொத்தத் தீவுகளையும் பார்த்துவிட்டு வரலாம் என்று திட்டம். ஸ்காட்லாந்தில் பள்ளிக்கூடம் ஆகஸ்ட் நடுவிலேயே திறந்துவிடும், கூட்டம் போயிருக்கும். ஆகவே ஃபெர்ரிக்கு முன்பதிவு எதற்கு? துறைக்குப் போய் வரிசையில் நின்றால் ஏற்றிவிட மாட்டார்களா?

ஜூலை 4, இரவு, பதில்

கூட்டம் குறையும் என்பது பாதி உண்மை. குறைவது ஆட்கள்தான். கப்பலில் உட்கார இடம் பெரும்பாலும் கிடைக்கும், கார் தளத்தில்தான் கிடைக்காது. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

அந்தத் தளத்தை யாரோடு பங்கு போடப்போகிறீர்கள் என்று பாருங்கள். தீவுகளுக்கு மளிகை, எரிபொருள், சிமெண்ட் எல்லாம் போவது அதே கப்பலில், லாரியில். பள்ளி விடுமுறை முடிந்ததால் லாரி குறையாது. ஆகஸ்ட் கடைசியிலிருந்து ஆட்டுச் சந்தைக் காலம், கால்நடை வண்டிகளும் சேர்ந்துகொள்ளும். இதற்கு மேல் பள்ளிக் கவலை இல்லாத ஓய்வுபெற்றவர்களின் மோட்டார்ஹோம்கள், உள்ளேயே படுத்துத் தங்கும் வண்டிகள். அவர்கள் காத்திருப்பதே செப்டம்பருக்குத்தான். ஒரு மோட்டார்ஹோம் நிற்கும் இடத்தில் கிட்டத்தட்ட இரண்டு கார் நிற்கும்.

கட்டணமும் ஒரு காரணம். அதே தூரத்தைச் சாலையில் ஓட்டினால் ஆகும் செலவை ஒட்டி ஃபெர்ரிக் கட்டணத்தை வைக்கும் முறையை 2008-ல் மேற்குத் தீவுகளில் சோதனையாகத் தொடங்கினார்கள். 2015-க்குள், இந்த ஃபெர்ரிகளை ஓட்டும் கால்மாக் நிறுவனத்தின் மற்ற வழித்தடங்களுக்கும் வந்துவிட்டது. கட்டணம் இறங்கியது, கார் எண்ணிக்கை ஏறியது. கப்பல் அந்த வேகத்துக்குப் பெருகவில்லை.

ஆகவே: முதலில் ஃபெர்ரி, அப்புறம் அறை. அறையைப் போட்டுவிட்டுக் கப்பல் தேடுகிறவர்கள்தான் நடுவில் மாட்டிக்கொள்கிறார்கள்.

ஜூலை 5

நேற்று வழித்தடத்தைச் சொல்லாமல் விட்டேன். முழுச் சுற்றுக்கு நான்கு கப்பல்:

பெருநிலத்து ஓபான் முதல் பாராவின் காசில்பே வரை, ஏறக்குறைய நாலே முக்கால் மணி நேரம்.
பாராவின் ஆர்ட்வோர் முதல் எரிஸ்கே வரை, 40 நிமிடம்.
பெர்னரே முதல் ஹாரிஸின் லெவர்பரா வரை, ஒரு மணி நேரம்.
லூயிஸின் ஸ்டார்னோவே முதல் பெருநிலத்து உல்லாபூல் வரை, இரண்டரை மணிக்குச் சற்று மேல்.

எரிஸ்கேயிலிருந்து தெற்கு யுயிஸ்ட், பென்பெகுலா, வடக்கு யுயிஸ்ட், பெர்னரே எல்லாமே கடல்மேல் போட்ட சாலைகளால் கோத்தவை. பெர்னரே சாலை 1999-ல் வந்தது, எரிஸ்கே சாலை 2001-ல். அந்த நீட்டு மொத்தம் 60 மைல் அளவு, பாதிக்கு மேல் ஒற்றை வழி, அதாவது இரு திசைக்கும் ஒரு கார் அகலமே உள்ள சாலை. ஹாரிஸும் லூயிஸும் பெயரில்தான் இரண்டு, நிலம் ஒன்றே. லெவர்பராவிலிருந்து டார்பெர்ட் 21 மைல், அங்கிருந்து ஸ்டார்னோவே 36 மைல் சுமார்.

முதல் கப்பலும் கடைசிக் கப்பலும் பெரியவை, முதலில் நிரம்புவதும் அவைதான். அவற்றை இன்றே போடுங்கள். நடுவில் உள்ள இரண்டும் சிறிய படகுகள், ஒரு நாளில் சில தடவை ஓடும். ஒன்றை விட்டால் அடுத்தது கிடைக்க வாய்ப்புண்டு. ஆனாலும் பதிவு செய்யுங்கள். சிறிய படகு என்றால் தளமும் சிறியது.

ஜூலை 5, மாலை

"வடக்கிலிருந்து தெற்கே வந்தால் என்ன கெட்டுப்போகும்?" என்று கீழே ஒருவர். ஒன்றும் கெடாது, காற்று நல்லபடியாக இருந்தால்.

இந்த நான்கில் திறந்த கடலில் அதிகம் போவது ஓபான்–காசில்பே. ரத்தாக ஒன்று இருக்கிறதென்றால் முதல் சந்தேகம் அதன்மேல்தான். அதை முதல் நாளில் வைத்தால், ரத்தானாலும் நீங்கள் நிற்பது பெருநிலத்தில். கையில் கார், கையில் மாற்று வழி: ஸ்கை தீவுக்கு 1995-லிருந்து பாலம் உண்டு, அங்கே யூயிக் துறைக்கு ஓட்டிப்போய் வடக்கு யுயிஸ்டின் லாக்மாடிக்குப் போகும் கப்பலுக்கு இடம் கேட்கலாம். அதே கப்பலைக் கடைசி நாளில் வைத்து ரத்தானால் பாராவில் உட்கார்ந்துகொண்டு மேலாளருக்கு மெயில் எழுத வேண்டியதுதான்.

ஸ்டார்னோவே–உல்லாபூலில் பெரும்பாலும் நாளுக்கு இரண்டு முறை கப்பல் உண்டு. வீடு திரும்ப அதை வைத்துக்கொள்வது புத்தி. உல்லாபூலில் இறங்கினால் இன்வெர்னஸ் 57 மைல்.

மிதிவண்டிக்காரர்கள் தெற்கிலிருந்து வடக்கே போவது வேறு காரணத்துக்கு, தென்மேற்குக் காற்று முதுகில் தள்ளும். காருக்கு அந்தக் கவலை இல்லை.

ஜூலை 9

ஏழு நாள் என்பதை இப்போதுதான் சரியாகக் கவனித்தேன். கிளாஸ்கோ–ஓபான் ஓட்டம், காசில்பே கப்பல், கடைசியில் உல்லாபூலிலிருந்து வீடு வரை ஓட்டம். இவற்றுக்கே இரண்டு நாள் போய்விடும். மீதி ஐந்தில் நான்கு தங்குமிடம் மாறினால் அது விடுமுறையாக இருக்காது, மூட்டை தூக்கும் வேலையாகத்தான் இருக்கும். அம்மாவும் கூட வருகிறார்.

என் யோசனை: பாராவை விட்டுவிடுங்கள். மனசு கேட்காது, தெரியும். கடற்கரை மணலில் விமானம் இறங்கும் இடம் அது, ஓடுதளத்தை அலை மூடித் திறப்பதால் விமான நேரமே ஓதத்தைப் பார்த்துத்தான் வைக்கிறார்கள். ஆனால் பாராவுக்குக் குறைந்தது இரண்டு இரவு கொடுக்க வேண்டும்.

பதிலாக யூயிக்–லாக்மாடி (ஒன்றே முக்கால் மணி), வடக்கு யுயிஸ்டில் இரண்டு இரவு, பெர்னரே–லெவர்பரா, ஹாரிஸில் மூன்று இரவு, ஸ்டார்னோவேயில் ஒரு இரவு, உல்லாபூல். மூன்றே கப்பல். ஹாரிஸில் மூன்று இரவு இருந்தால் மழை ஒரு நாளைத் தின்றாலும் லஸ்கென்டயர் கடற்கரையை வெயிலில் பார்க்க இன்னொரு நாள் மிச்சம். காலனிஷ் என்ற பழங்கால நின்ற கற்களை ஸ்டார்னோவே போகும் நாளில் பார்த்துவிடலாம், சற்றுச் சுற்றுதான். பத்து நாள் கிடைத்தால் பழைய திட்டத்துக்கே போங்கள்.

ஜூலை 10

"காரை விட்டுவிட்டு நடந்து ஏறினால் பதிவுத் தொல்லையே இல்லையே?" இல்லைதான். இறங்கியதும் பேருந்து அட்டவணை என்ற புதுத் தொல்லை தொடங்கும். ஞாயிறன்று அது இன்னும் மோசம்.

ஜூலை 16

பதிவுப் படிவத்தில் ஆட்கள் தடுக்கி விழும் இடங்கள்.

நீளம். 6 மீட்டருக்குள் இருந்தால் கார் கட்டணம். ஆனால் நீளம் என்பது வண்டிப் புத்தகத்தில் உள்ளதல்ல. பின்னால் சைக்கிள் தாங்கி மாட்டினால், இழுவைக் கொக்கி நீட்டிக்கொண்டிருந்தால், அதையும் சேர்த்து. நாடாவால் அளந்து பாருங்கள். ஒரு தாங்கி 60 முதல் 80 செ.மீ. வரை பின்னால் தள்ளும்.

உயரம். கூரைப் பெட்டி வைத்தால் கட்டாயம் எழுதுங்கள். பெரிய கப்பல்களில் தளத்துக்கு மேல் தூக்கி இறக்கும் நடுத்தளம் ஒன்று உண்டு. தாழ்ந்த கார்களை அதில் ஏற்றுவார்கள். உயரத்தைக் குறைத்து எழுதிவிட்டால் உங்களை அந்தச் சரிவுக்கு அனுப்பி, பெட்டி இடிக்கும் என்று கடைசி நொடியில் நிறுத்தி, பின்னால் உள்ள முழு வரிசையையும் பின்வாங்கச் சொல்ல வேண்டிவரும். அத்தனை ஹெட்லைட்டும் உங்களையே பார்க்கும்.

ஆள் கணக்கு. காருக்குத் தனிக் கட்டணம், உள்ளே இருப்பவர்களுக்குத் தனி. ஓட்டுநர் காரோடு சேர்த்தி இல்லை, அவரையும் ஒரு பயணியாகச் சேர்க்க வேண்டும். துறையில் போய் இதைக் கண்டுபிடிப்பவர்கள் நிறைய.

கைப்பேசி எண். நேரமாற்றமும் ரத்தும் குறுஞ்செய்தியில்தான் வரும். வீட்டில் இருப்பவர் எண்ணைக் கொடுத்துவிட்டால் செய்தி அவருக்குப் போகும், நீங்கள் துறையில் நிற்பீர்கள்.

மோட்டார்ஹோமின் எரிவாயு சிலிண்டர், கேனில் பெட்ரோல் எல்லாம் ஆபத்தான பொருள் விதிக்குள் வரும். பதிவு செய்யும்போதே கேட்டுவிடுங்கள். சிலிண்டரின் வால்வை ஏறுமுன் மூட வேண்டும்.

ஜூலை 17

வாடகைக் கார்க்காரர்களுக்கு: வண்டி எண் முன்கூட்டித் தெரியாது என்பதால் பதிவைத் தள்ளிப்போட வேண்டாம். வகையையும் நீளத்தையும் வைத்துப் பதிவு செய்து, எண் கைக்கு வந்ததும் கூப்பிட்டு மாற்றச் சொல்லுங்கள். தீவுக்கு எடுத்துப்போக வாடகை ஒப்பந்தம் அனுமதிக்கிறதா என்பதையும் படித்துவிடுங்கள்.

ஜூலை 28

துறையில் நடப்பது.

பெரிய துறைகளில் கப்பல் கிளம்ப 30 முதல் 45 நிமிடத்துக்கு முன்பே கார் வாங்குவதை நிறுத்திவிடுவார்கள். டிக்கெட்டில் போட்டிருக்கும் நேரம்தான் கணக்கு. கப்பல் கண்ணெதிரே நின்றாலும் அந்த நேரத்துக்குப் பிறகு உங்கள் இடம் காத்திருப்பு வரிசைக்குப் போய்விடும்.

ரொம்ப முன்னால் போய் நின்றால் முன்னால் இறங்கலாம் என்பது மூடநம்பிக்கை. ஏற்றுவது வந்த வரிசைப்படி அல்ல. எடை இரு பக்கமும் சமமாக இருக்க வேண்டும், கனமான லாரிகள் எங்கே நிற்க வேண்டும் என்பதைப் பொறுத்து ஊழியர் தடம் தடமாகக் கூப்பிடுவார். சீக்கிரம் போவதில் லாபம் பதிவில்லாத காத்திருப்பு வரிசைக்கு மட்டுமே, அங்கே மட்டும்தான் முதலில் வந்தவர் முதலில். கடைசி நேரத்தில் வராதவர்களின் இடம் அவர்களுக்குப் போகும்.

வரிசையில் நிற்கும்போதே மேலே கொண்டுபோக வேண்டியதை எடுத்து மடியில் வைத்துக்கொள்ளுங்கள்: சுவெட்டர், மருந்து, சாப்பாடு, சார்ஜர். உள்ளே போனபின் டிக்கி திறக்காது, பின்னால் உள்ள காரின் மூக்கு உங்கள் பம்பரைத் தொடும் தூரத்தில் இருக்கும். கதவும் ஒரு சாண் இரண்டு சாண்தான் திறக்கும். கப்பல் ஓடும்போது தளத்தைப் பூட்டிவிடுவார்கள், கீழே வர முடியாது.

அம்மாவுக்குப் படி ஏறச் சிரமம் என்றால் பதிவிலும் சொல்லுங்கள், துறையில் டிக்கெட் பார்ப்பவரிடமும் சொல்லுங்கள். லிஃப்ட் பக்கம் நிறுத்தவைப்பார்கள். ஏறியபின் சொன்னால் காரை நகர்த்த வழியில்லை.

ஜூலை 28, கொஞ்ச நேரம் கழித்து

முக்கியமானது விட்டுப்போச்சு: அலாரம்.

இன்றைய கார்களில் கார் சாய்ந்தாலே கத்தும் உணரி உண்டு, சக்கரத்தைத் திருடுகிறவனுக்காக வைத்தது. கப்பல் ஆடினால் கார் சாயும், அலாரம் அடிக்கும், நிறுத்த நீங்கள் கீழே போக முடியாது. இரண்டு மணி நேரம் விட்டு விட்டு அடித்தால் பழைய பேட்டரி படுத்துவிடும்.

சில கார்களில் கூரை விளக்குப் பக்கத்திலோ ஓட்டுநர் கதவுத் தூணிலோ ஒரு சிறு பொத்தான், மேலே சாய்ந்த கார் படம் இருக்கும். சிலவற்றில் பூட்டுப் பொத்தானைச் சட்டென்று இரண்டு தடவை அழுத்தினால் உள் உணரி அணையும். புதியவற்றில் திரை அமைப்புக்குள் போய்த் தேட வேண்டும். இந்த அணைப்பு பெரும்பாலும் ஒரு தடவைக்குத்தான், அடுத்த கப்பலில் மறுபடி செய்ய வேண்டும். வீட்டு வாசலில் ஒருமுறை செய்து பாருங்கள்.

பிரேக். ஹேண்ட் பிரேக் முழுக்க, மேனுவல் என்றால் கியரில் விட்டு, ஆட்டோ என்றால் பார்க்கிங் நிலையில். மின் பிரேக் வைத்த காரில் ஆட்டோ ஹோல்டு மட்டும் இருந்தால் போதாது, பிரேக்கின் சிவப்பு விளக்கு எரிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் இறங்க வேண்டும்.

இறங்கும் சமயம் முன் கார் நகரும்வரை எஞ்சினை எழுப்ப வேண்டாம். மூடிய தளத்தில் ஐம்பது எஞ்சின் புகை எப்படி இருக்கும் என்று சொல்லவா வேண்டும்.

ஆகஸ்ட் 3

"பத்து நாளாக்கிவிட்டேன், பாரா உண்டு. அம்மாவுக்கு வாந்தி வருமோ என்று பயம்" என்று கேள்வியாளர். நல்ல முடிவு. பயத்துக்கு மருந்து, நேரக் கணக்கு.

ஓபானை விட்டதும் கப்பல் மல் ஜலசந்திக்குள் போகும். இரு பக்கமும் மலை மறைப்பதால் தண்ணீர் பெரும்பாலும் அமைதி. ஆர்ட்னமர்க்கன் கலங்கரை விளக்கம், 1849-ல் கட்டியது, வலப்பக்கம் தெரியும். அதைத் தாண்டியதும் மறைப்பு முடிந்தது, திறந்த கடலின் பெரிய அலை வரத் தொடங்கும். சாப்பாட்டுக் கூடத்துக்குப் போவது, கழிப்பறை போவது, ஃபோட்டோ எடுப்பது எல்லாம் அந்தக் கலங்கரை விளக்கத்துக்கு முன்பே முடிய வேண்டும். வெறும் வயிறும் தப்பு, நிரம்பிய வயிறும் தப்பு.

உட்காரும் இடம் கப்பலின் நடுப்பகுதி. முன்பக்கப் பெரிய கண்ணாடிக்குப் பின்னால் காட்சி அழகுதான், ஆனால் மேலும் கீழும் அதிகம் போவது அந்த முனைதான். தொடுவானத்தைப் பார்க்கலாம், கைப்பேசியைப் பார்க்கக் கூடாது.

மாத்திரையில் சின்னரிசின் என்றால் கிளம்ப இரண்டு மணி நேரம் முன்பு. ஹையோசின் என்றால் அரை மணிக்குள் முன்பு. ஹையோசின் வயதானவர்களுக்கும், கண் அழுத்தம் உள்ளவர்களுக்கும் ஆகாமல் போகலாம், மருந்தாளரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள். இரண்டுமே தூக்கம் வரவைக்கும். கரையில் இறங்கி ஒற்றை வழிச் சாலையில் காரோட்டப் போகிறவர் மாத்திரை விஷயத்தில் அதை நினைவில் வைக்க வேண்டும்.

அலை இல்லாத நாளில் அந்தத் திறந்த பகுதியிலேயே வெளித்தளத்தில் நில்லுங்கள். மின்கே திமிங்கிலத்துக்கும் பாஸ்கிங் சுறாவுக்குமாக 2020-ல் பாதுகாப்பிடமாக அறிவித்த கடல் அது. திமிங்கிலம் பாய்ந்து காட்டாது. ஒரு கறுப்பு முதுகு உருளும், சின்னத் துடுப்பு, அவ்வளவுதான். பறவைகள் ஒரே இடத்தில் விழுந்து விழுந்து எழுந்தால் அங்கே பாருங்கள்.

ஆகஸ்ட் 11

ரத்து பற்றிக் கேட்டவர்களுக்கு.

"வெயில் அடிக்கிறது, ஏன் ரத்து?" என்பது எல்லா வருடமும் வரும் கேள்வி. நடுக்கடல் அலையை இந்தக் கப்பல்கள் தாங்கும். சிக்கல் துறையில். பக்கக்காற்றிலோ பொங்கும் தண்ணீரிலோ அந்தப் பெரிய உடலை மெதுவாக்கித் துறையோடு ஒட்ட வேண்டும். வேகம் குறையக் குறையக் காற்றின் கை ஓங்கும். அதனால் நீங்கள் கிளம்பும் ஊரில் வெயிலும், இறங்கும் ஊரில் ரத்துக்கான காரணமும் இருக்கும்.

இன்னொன்று தொடர் விளைவு. ஒரு கப்பல் பழுதானால் இன்னொரு வழித்தடத்திலிருந்து கப்பலை நகர்த்துவார்கள், அங்கே அட்டவணை குலையும். முதல் நாள் மாலையும், அன்று காலையும் கால்மாக்கின் நிலவரப் பக்கத்தைப் பாருங்கள்.

உரிமை என்று வந்தால், ஐரோப்பிய ஒன்றியத்தின் 1177/2010 விதிமுறையைப் பிரிட்டன் தன் சட்டத்தில் தக்கவைத்திருக்கிறது. புறப்பாடு ரத்தானாலோ 90 நிமிடத்துக்கு மேல் தாமதமானாலோ, பணத்தைத் திரும்ப வாங்கலாம் அல்லது மாற்றுக் கப்பலில் போகலாம். தேர்வு உங்களுடையது. போய்ச் சேருவதில் தாமதம் என்றால் தனி இழப்பீடு: நான்கு மணி வரையான பயணத்தில் ஒரு மணி தாமதத்துக்கு டிக்கெட்டில் 25 சதவீதம். காசில்பே போன்ற நான்கிலிருந்து எட்டு மணிப் பயணத்தில் இரண்டு மணி தாமதத்துக்கு அதே 25. தாமதம் அதைப்போல் இரு மடங்கைத் தாண்டினால் 50. ஆனால் கப்பலுக்கு ஆபத்தான வானிலை காரணம் என்றால் இழப்பீடு கிடையாது, இரவுத் தங்கல் செலவும் கிடையாது. திரும்பப் பணமோ மாற்றுக் கப்பலோ மட்டும் அப்போதும் உண்டு.

அதனால் அறைகளை எடுக்கும்போது கடைசி நேர ரத்து அனுமதிக்கும் விலையிலேயே எடுங்கள். குறைந்தபட்சம் முதல் இரவும் கடைசி இரவும்.

ஆகஸ்ட் 12

கப்பலிலிருந்து இறங்கியதும் ஐம்பது காரும் ஒரே ஒற்றை வழியில் ஊர்வலமாகப் போகும். எதிரே வருகிறவருக்கு நரகம், ஒதுங்கும் மேடையில், அதாவது எதிர்வண்டிக்கு வழிவிடச் சாலையோரம் அகலப்படுத்திய இடத்தில், இரண்டு கார்தான் நிற்கும். அவசரமில்லாதவர்கள் துறையிலேயே பத்து நிமிடம் நின்றுவிட்டுக் கிளம்பினால் சாலை காலியாகக் கிடைக்கும்.

மேடை இடப்பக்கம் வந்தால் உள்ளே ஒதுங்குங்கள். வலப்பக்கம் இருந்தால் அதற்கு நேர் எதிரே உங்கள் பக்கமே நில்லுங்கள், எதிரே வருபவர் உள்ளே போவார். வலப்பக்க மேடைக்குள் பாய்வது தப்பு. பின்னால் உள்ளூர்க்காரர் ஒட்டிக்கொண்டு வந்தால் அவர் வேலைக்குப் போகிறார், ஒதுங்கி வழி விடுங்கள். மேடையில் நிறுத்தி ஃபோட்டோ எடுப்பது வேண்டாம். ஆட்டுக்குச் சட்டம் கிடையாது, நின்றால் நின்றதுதான்.

ஆகஸ்ட் 19

"பகல் நீளமா?" ஜூன் மாதிரி இருக்காது. ஸ்டார்னோவேயில் செப்டம்பர் முதல் நாள் சூரியன் மறைவது இரவு எட்டரைக்குச் சற்று முன், மாதக் கடைசியில் ஏழு மணி வாக்கில். ஒவ்வொரு நாளும் பகல் ஐந்து நிமிடம் அளவு குறையும்.

இது லெவர்பரா கப்பலுக்கும் பொருந்தும். ஹாரிஸ் ஜலசந்தி முழுக்கப் பாறையும் மணல்திட்டும். கப்பல் நேராகப் போகாமல் மிதவைகளுக்கு நடுவே வளைந்து வளைந்து போகும். வெளிச்சம் இருக்கும்போது மட்டுமே ஓட்டுவார்கள், ரொம்பத் தண்ணீர் வற்றினாலும் நேரம் மாறும். ஆகவே கோடையில் பார்த்த கடைசிக் கப்பல் நேரம் செப்டம்பரிலும் அதேதான் என்று நம்பிவிடாதீர்கள். உங்கள் தேதியைப் போட்டுப் பாருங்கள்.

பகல் குறைவதற்கு ஈடாக மிட்ஜ் என்ற கடிப்பூச்சியும் குறையத் தொடங்கும். காற்று மணிக்கு ஏழு மைலுக்கு மேல் வீசினால் அதனால் பறக்க முடியாது, தீவின் மேற்குக் கரையில் காற்றுக்குப் பஞ்சமில்லை. கடல் நீரும் வருடத்திலேயே வெதுவெதுப்பான நிலையில், 13–14 டிகிரி. வெதுவெதுப்பு என்ற சொல்லை இங்கே தாராளமாகப் பயன்படுத்துகிறார்கள்.

ஆகஸ்ட் 24

கேள்வியாளர்: "கடைசி நாள் ஞாயிறு விழுகிறது, ஸ்டார்னோவேயிலிருந்து கப்பல் உண்டா?"

உண்டு, 2009 ஜூலையிலிருந்து. அதற்கு முன் கிடையாது, ஓய்வுநாளை அவ்வளவு கண்டிப்பாகக் கடைப்பிடித்த ஊர். கப்பல் வந்துவிட்டாலும் லூயிஸிலும் ஹாரிஸிலும் ஞாயிறன்று பெரும்பாலான கடையும் உணவகமும் பெட்ரோல் நிலையமும் மூடியிருக்கும். தெற்கே பாரா, தெற்கு யுயிஸ்ட் கத்தோலிக்க ஊர்கள், அங்கே இந்த அளவு கெடுபிடி இல்லை. ஞாயிறு நேர அட்டவணை மற்ற நாள்களிலிருந்து வேறு, எண்ணிக்கையும் குறைவு. அந்தக் கப்பலில் இடம் இன்னும் கிடைக்கிறதென்றால் இப்போதே எடுங்கள், இல்லாவிட்டால் சனி மாலைக் கப்பல். எதுவானாலும் சனிக்கிழமை மதியத்துக்குள் டாங்கை நிரப்பி, ஞாயிறு காலைச் சாப்பாட்டையும் வாங்கி வைத்துவிடுங்கள். உல்லாபூலில் இறங்கி இன்வெர்னஸ் போகும் 57 மைலில் நடுவே பெட்ரோலை நம்பிப் போகாதீர்கள்.